மஞ்சளாகி வரும் வெள்ளரி

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல் என்று சிரிக்காதே. நான் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினவள். மழை விட்டதும் வந்துவிட்டேன். அதற்குள் ஒட்டிக்கொண்டது இவ்வளவுதான்.

லாரிக்காரர், அதுதான் நம் ‘கொட்டாவி’, வந்து சொன்னார், நாங்கள் அனுப்பிய வெள்ளரியில் பாதிக்கு மேல் மஞ்சள் ஏறிவிட்டது, நீ பெட்டி பெட்டியாகக் குப்பையில் கொட்டினாய் என்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வந்த கொட்டாவியில் அவர் குடல் வரைக்கும் பார்த்துவிட்டேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இங்கிருந்து போகும்போது காய் பச்சைப் பசேல் என்றுதான் போகிறது. ஒடித்தால் சடக்கென்று முறிகிறது. ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். சரி, இரண்டு. அப்படியிருக்க, வழியில்தான் ஏதோ நடக்கிறது. நாள் முழுக்க இதே யோசனை. உலையில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை, நேற்று உன் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் எதற்குத்தான் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் நீ கடை திறந்ததும் நாங்கள் அனுப்பிய முதல் லோடை, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காய் மஞ்சள் என்று இறக்கக்கூட இறக்காமல் திருப்பி அனுப்பினாயே, அன்றிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வருவதில்லை. இந்த வருஷம் நான் நச்சரித்து நச்சரித்துத்தான் மறுபடி அனுப்பச் சம்மதித்தார். அவரே அடுக்குகிறார், அவரே மூடி போட்டுக் கயிறு கட்டுகிறார், ஒருத்தரையும் கிட்டே விடுவதில்லை. யாருக்குப் போகிறது என்று கேட்டால் ‘டவுனுக்கு’ என்கிறார். டவுனில் வெள்ளரி தின்பது அவர் தங்கச்சி ஒருத்திதான் என்பது போல நானும் தலையாட்டிக்கொள்கிறேன்.

என்ன நடக்கிறது என்று விவரமாக எழுது. திட்டுவதாக இருந்தால் பெரிய எழுத்தில் திட்டு. நான் இன்னும் கண்ணாடி போடவில்லை.

அண்ணி

மார்ச் 7

அண்ணிக்கு,

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் கொட்டாவியின் குடலைப் படித்து ஒரு நிமிஷம் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து உங்கள் மேல் கோபம்.

நடந்ததைச் சொல்கிறேன். கீழே இருந்த பெட்டிகளில் காய் நசுங்கி, தோல் கிழிந்து, தண்ணீர் கசிந்திருந்தது. பெட்டியின் வாய்க்கு மேலே காய் நிற்கும்படி நிரப்பினால், மேல் பெட்டி காயின் மேல்தான் உட்காரும். இது ஒன்று. சில காய்கள் கை தடிமன். விதை முற்றும் வரை கொடியில் விட்டால் அது கிளம்பும்போதே பாதி பழம். இது இரண்டு. இதெல்லாம் போக, நல்ல பிஞ்சாக இருந்ததும் இங்கே பின்னறையில் வைத்திருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நான் காய் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். கால் கிலோ, அரைக் கிலோ வாங்க வருகிறவர்களை நம்பி இந்தக் கடைக்கு வாடகை கட்ட முடியாது. அந்த ஆர்டர் இருப்பதால்தான் கடை இருக்கிறது. சமையலறை மேலாளர் நேற்று ஆள் அனுப்பாமல் தானே வந்தார். பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, “காய் கேட்டா பழம் தர்றீங்க. இந்த மாசம் பூரா பார்ப்பேன். சரிவரலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன், என் மேல வருத்தப்படக் கூடாது” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் தன்மையாகச் சொன்னார்.

ஆர்டர் போனால் நான் கடையைப் பூட்டிவிட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். என் பெயரையே சொல்லாத அண்ணன் இருக்கிற வீட்டில் நான் எந்த மூலையில் உட்காருவது? காலையிலிருந்து கடைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். போய்ப் பார்க்காவிட்டால் மஞ்சளாகிவிடும் என்பது போல.

அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

மார்ச் 11

அன்புள்ள மகாராணிக்கு,

உன் தீர்ப்பு வந்தது. முதல் இரண்டு குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். பெட்டியை நிரப்பச் சொன்னது நான்தான். நாத்தனாருக்குக் குறைத்து அனுப்பினாள் என்ற பேச்சு வேண்டாம் என்று அமுக்கி அமுக்கி வைக்கச் சொன்னேன். அன்பு அதிகமாகிக் காய் நசுங்கியது. இனி நாலு விரல் குறைத்துத்தான் அடுக்குவோம், அதை வைத்து என்னைக் கருமி என்று சொல்லாதே. தடித்த காய்களைத் தனியாகப் பொறுக்கி நாங்களே தின்கிறோம். உன் அண்ணனுக்கு மூன்று வேளையும் வெள்ளரி. இதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்து, மர நிழலில் பரப்பி, சூடு தணிந்த பிறகுதான் பெட்டிக்குப் போகிறது. பளபளவென்று தெரியட்டும் என்று தொட்டித் தண்ணீரில் கழுவியும் விட்டேன். சந்தோஷமா?

அடுத்தது கொட்டாவி. இந்தத் தடவை நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். எங்கள் அக்கா வீடு வரைக்கும் என்று பொய் சொன்னேன். மனுஷன் சாப்பாட்டுக் கடை வாசலில், கொளுத்துகிற வெயிலில், தார்ப்பாயை நாலா பக்கமும் இறுக்கிக் கட்டியபடி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டார். அப்புறம் அங்கேயே பெஞ்சில் தூங்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுப்பிக் கூட்டிவந்து, தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து, தலையை உள்ளே விடுங்கள் என்றேன். விட்டார். விட்ட வேகத்திலேயே எடுத்தார். “அடுப்புக்குள்ள விட்ட மாதிரி இருக்கும்மா” என்றார். உள்ளே இருப்பவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். இனிமேல் நிழல் பார்த்துத்தான் நிறுத்துவார், இரண்டு பக்கமும் காற்றுப் போகத் தார்ப்பாயைத் தளர்த்திக் கட்டுவார். என் தலை மேல் சத்தியம் செய்திருக்கிறார். என் தலை மேல் ஏன் என்றுதான் தெரியவில்லை. நான் அங்கேயே இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

இந்த லோடு சரியாக வரும். வராவிட்டால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு. ஏற்கெனவே என்னென்ன பெயர் வைத்திருக்கிறாயோ.

அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

நசுங்கல் இல்லை. வெந்த வாடை இல்லை. அதற்கு நன்றி. ஆனால் கழுவி அனுப்பாதீர்கள். ஈரம் காயாமல் பெட்டிக்குள் போய் நுனியெல்லாம் வழுவழுவென்று அழுக ஆரம்பித்திருந்தது. அதைக்கூடக் கழித்துப் போட்டுவிட்டேன்.

மஞ்சள் மட்டும் நிற்கவில்லை. இறக்கும்போதே நடுப்பெட்டியில் இருந்த காய்களில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது, பின்னறையில் வைத்த பிறகு மற்றதிலும் ஏறியது. யாரோ சொன்னார்கள் என்று ஐஸ் வாங்கி மேலே பரப்பினேன். ஐஸ் பட்ட காயெல்லாம் தோலில் குழி விழுந்து, கண்ணாடி போல ஆகி, தொட்டால் சொதசொதவென்றது. பயந்துபோய் ஐஸை அள்ளித் தெருவில் கொட்டினேன். எலிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்தேன், புழுக்கமாக இருக்கிறதோ என்று திறந்தேன், மறுபடி சாத்தினேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அண்ணி. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது.

சமையலறைக்குப் பொறுக்கிப் பொறுக்கிப் பாதிதான் கொடுத்தேன். மேலாளர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். வேறொரு கடைக்காரர் அவர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றிருந்தேன். இந்தப் பப்பாளி வேலையை விட்டுவிடுங்கள். இந்த வருஷம் முதல் லோடிலிருந்து ஒவ்வொரு தடவையும் நடுப்பெட்டிக்குள் ஒரு பழம், துணியில் சுற்றி வருகிறது. காய் கெட்டால் பழம் கொடுத்துச் சமாதானம் செய்ய நான் குழந்தை இல்லை. நான் ஒன்றையும் தொடவில்லை. வீட்டுப் பழத்தைக் குப்பையில் போடவும் கை வரவில்லை. பின்னறை அலமாரியில் வரிசையாக அப்படியே இருக்கின்றன. வாடை குமட்டுகிறது.

மார்ச் 17

ஏய்,

எந்தப் பப்பாளி? நான் உனக்கு ஒரு பப்பாளியும் அனுப்பவில்லை. உன்னைத் தாஜா செய்வதாக இருந்தால் பழம் எதற்கு, நாலு வார்த்தை திட்டினாலே போதுமே.

உன் கடிதத்தைப் படித்ததும் நேராக மோட்டார் அறைக்குப் பின்னால் இருக்கிற மரத்தைப் பார்க்கப் போனேன். உன் அண்ணன் பிள்ளை மாதிரி வளர்க்கிற மரம். பழுத்த பழம் காணவில்லை காணவில்லை என்று நான் இத்தனை நாள் அணிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரிடமே சொல்லிப் புலம்பியிருக்கிறேன். “அணில் ஜாஸ்திதான்” என்று அவரும் ஒத்து ஊதினார். ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதில் பெரிய வாக்கியம் அது.

அதனால் நேற்று லோடு அடுக்கும்போது தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய், தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். என் உடம்புக்கு அந்தத் தொட்டி போதாது, இருந்தாலும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சட்டைக்குள்ளிருந்து பப்பாளியை எடுத்தார், அம்மாடி. சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார். தன் பழைய சட்டையைக் கிழித்த துணியில் சுற்றி, நடுப்பெட்டியில் காயை விலக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்தார். மேலே காயைப் பரப்பினார். மூடி போட்டார். கயிற்றை இறுக்கிவிட்டு, மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

எழுந்து போய்ப் பிடித்திருப்பேன். கால் மரத்துவிட்டது. அப்புறம் பிடிக்கவும் தோன்றவில்லை.

ஆகவே அது அண்ணியின் சமாதானம் இல்லை. உன் பெயரைச் சொல்லாத மனுஷன் அதற்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தது இது. அவருக்குத் தெரியாது எனக்குத் தெரியும் என்று. நீயும் வாயை மூடிக்கொள். முதலில் பழத்தை எடுத்துத் தின்னு, கழுதை.

அண்ணி

மார்ச் 20

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். ஓர் அம்மா வந்து வெண்டைக்காய் கேட்டார், தக்காளியை நிறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பின்னறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். பழசெல்லாம் தண்ணீர் விட்டுக் குழைந்து கிடந்தது. புதிதாக வந்தது ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. கத்தியை எடுத்தேன். அப்போதுதான் பக்கத்துக் கடைப் பூக்காரம்மா வந்தார். அவர் கடைக் கூரை ஒழுகுகிறது, பூக்கூடைகளை என் பின்னறையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று காலையில் கேட்டிருந்தார். கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். கூடையைத் தூக்கிக்கொண்டு அப்படியே பின்வாங்கினார்.

“உள்ள பழுத்த பழம் வெச்சிருக்கியா? அப்ப வேண்டாம்மா. பழம் விடுற மூச்சுல பூவெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுடும். பழக்கடை பக்கத்துல நான் கடையே போட மாட்டேன்” என்றார்.

பூவுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். காயைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். நல்ல வெள்ளரிகளில் சிலவற்றைப் பப்பாளியோடு ஒரு டின்னில் போட்டு மூடினேன். சிலவற்றைக் கடையில் தனியாக வைத்தேன். அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்து நானே காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறேன் என்று டின்னைப் பூக்காரம்மாவிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தராதீர்கள் என்றேன். கெஞ்சினேன். தரவில்லை. இன்றைக்குத் திறந்தோம். கடையில் இருந்தது பச்சை. டின்னில் இருந்தது மஞ்சள்.

வழியெல்லாம் மூடிய லாரிக்குள் அவர் வைத்த பழம். வந்த பிறகு ஜன்னல் சாத்திய அறைக்குள் நான் வீம்புக்கு வரிசையாக அடுக்கிய பழங்கள். அவர் ஒன்றுதான் வைத்தார். நான் அதைத் தின்றிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

மாதம் முடிய இனி ஒரு லோடுதான் இருக்கிறது. அதில் பழம் வரக்கூடாது. ஆனால் ‘உன் பழம் வேண்டாம்’ என்று நான் எப்படிச் சொல்வேன், அண்ணி? ஒரு தடவை லோடைத் திருப்பி அனுப்பியதற்கே இத்தனை நாள். அவர் கயிறு கட்டின பிறகு, அவருக்குத் தெரியாமல் நீங்கள் எடுத்துவிடுங்கள். வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 24

நாத்தனாரே,

எடுத்துவிட்டேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் கயிற்றை அவிழ்த்து, பழத்தை உருவி, மறுபடி கட்டினேன். அவர் போடுகிற முடிச்சு எனக்கு வரவில்லை. ஏதோ ஒன்றைப் போட்டேன். திருட்டுப் போன வீட்டில் திருடியே விளக்குப் பிடிப்பது போல, லாரி கிளம்பும்வரை அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே நின்றேன்.

பழத்தை ஒளிக்க இடமில்லை. மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே முழுசாகத் தின்றேன். நல்ல இனிப்பு. தோலையும் விதையையும் மூலையில் தோண்டிப் புதைத்தேன். உனக்கு என்று வயிற்றில் அணைத்துக் கொண்டுவந்தது.

இன்னொரு தடவை இதைச் செய்யமாட்டேன், சொல்லிவிட்டேன். ஆர்டருக்காக இந்த ஒரு தடவை. கொட்டாவி திரும்பி வந்தால் உன் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், நான் கவனித்திருக்கிறேன். எதையோ கேட்க வருவது போல வருவார், டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தான் வைத்த பழம் உன் கைக்கு வரவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வாரோ. உண்மையை நீயே எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நல்லதுதான், அதுவரை அவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அண்ணி

மார்ச் 27

அண்ணி,

ஒரு காய்கூட மஞ்சள் இல்லை. பின்னறையைக் கழுவி, அலமாரியை வெளியே போட்டு, ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்து வைத்திருந்தேன். மேலாளர் வந்து அடிப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்தார். சத்தம் தெருவுக்குக் கேட்டது. பாதியைத் தின்றுவிட்டு, “அடுத்த மாசமும் நீங்களே கொடுங்க” என்றார். மற்றப் பாதியையும் தின்றார். கடை நிற்கிறது, அண்ணி.

இனி வரும் வரிகளை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணே, பழமெல்லாம் வந்தது. அண்ணி அனுப்பியது என்று நினைத்து ஒன்றையும் தின்னாமல் வைத்திருந்தேன். பழுத்த பழம் பக்கத்தில் இருந்தால் வெள்ளரி மஞ்சளாகிவிடும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கடைசி லோடில் நீ வைத்ததை நான் சொல்லித்தான் அண்ணி எடுத்தார்கள். அவர்களைக் கோபிக்காதே. பழம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரியில் வேண்டாம். கையில் கொண்டு வா.

மார்ச் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

வாசித்தேன். ‘தின்னாமல் வைத்திருந்தேன்’ என்ற இடத்தில் அவர் செருப்பைக் கழற்றினார், மாட்டினார். ‘கையில் கொண்டு வா’ என்ற இடத்தில் மறுபடி வாசி என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். உனக்காகப் படித்த அளவு நான் பள்ளிக்கூடத்தில்கூடப் படித்ததில்லை. அப்புறம் எழுந்து போய்விட்டார். வாய்க்காலில் நிற்கிறார், கொடிக்குள் நிற்கிறார், மரத்தடியில் நிற்கிறார், எங்கேயும் நிற்கவில்லை. நானும் அடுப்பைப் பற்ற வைக்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

கடைசியில் வந்து, டவுன் பஸ் எப்போது என்று கேட்டார். எந்த டவுனுக்கு என்று கேட்டேன். முறைத்தார். முறைக்கவாவது செய்தாரே.

பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். லாரிக்கு முன்பே வந்துவிடுவார், கொட்டாவியிடம் கொடுத்துவிடும் இந்தக் கடிதம் பின்னால்தான் வரும். எதுவும் கேட்காதே. அழாதே. அழுதால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

வந்தார். லாரிதான் முந்திக்கொண்டது. கடைக்குள் நுழையும்போது பூக்காரம்மா வழியை மறித்துக்கொண்டார். “பழத்தோட உள்ள போகாதீங்க. காய் வந்து இறங்கியிருக்கு” என்றார். அவருக்கு இவர் யாரென்று தெரியாது. அண்ணன் பழத்தை நெஞ்சோடு பிடித்தபடி தெருவிலேயே நின்றுவிட்டார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். என்னைப் பார்க்காமல், கத்தியைப் பார்த்து, “கூர் இருக்கா” என்று கேட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசியது இது.

உள்ளே கொண்டுபோக முடியாது, வைக்கவும் முடியாது. அங்கேயே, நிறுத்தியிருந்த லாரியின் பின்பலகையில் வைத்து அறுத்து, இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். பாதிப் பழம் தீர்ந்தது. அப்புறம் விதையைத் துப்பிவிட்டு, “போன வருஷமும் வெச்சேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “கடை திறந்தியே, அந்த லோடுல. மரத்துல முதல்ல பழுத்தது. நீ எறக்காம நாலு பேர் பார்க்கத் திருப்பி விட்டியா, உங்கண்ணிக்குக்கூடத் தெரியாம பெட்டியைப் பிரிச்சு நானே எடுத்துத் தூரப் போட்டேன்” என்றார். அப்புறம், “அந்த லோடு காய் மஞ்சளானதும் அதனாலதான் போல” என்றார். அவரே சொல்லி அவரே தலையாட்டிக்கொண்டார்.

நீங்கள் அழாதே என்று எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் கொட்டாவியின் பையிலிருந்து வெளியே வந்தது. அண்ணன் பஸ் பிடிக்கவில்லை. அடுத்த துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

இப்போது பின்னறையில் இருக்கிறார். பெட்டிகளை நான் அடுக்கியது தப்பாம், சுவரோடு ஒட்டி வைத்தால் காற்று எப்படிப் போகும் என்கிறார். தராசு சரியில்லை என்கிறார். வெண்டைக்காயை யாரிடம் வாங்கினாய், உன்னை ஏமாற்றியிருக்கிறான் என்கிறார். பூக்காரம்மாவுக்கும் கூரை மாற்ற யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து வாய் ஓயவில்லை. வந்த வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை.

வீட்டில் அவசர வேலை இருக்கிறது என்று ஏதாவது எழுதி அனுப்புங்கள். இல்லை, வேண்டாம். இரண்டு நாள் கழித்து எழுதுங்கள்.